சும்மாடு இல்லாத சுமை

புதுச்சேரி கடற்கரைச் சாலையின் வடக்கு முனையில், பழைய சாராய ஆலையைத் தாண்டினால் குருசுக்குப்பம். கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே இன்று மணல் இல்லை, கருங்கல் குவியல்தான். தெற்கே துறைமுகத்துக்காக 1980களின் கடைசியில் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் மணலின் வடதிசைப் பயணத்தை மறித்ததால் வந்த வினை இது. இந்தக் குப்பத்தில்தான் ஜிப்மரின் நகர்ப்புற நலவாழ்வு மையம் இருக்கிறது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், வாழைக்குளம், சின்னையாபுரம் என்று நான்கு பகுதிகள் அதன் பொறுப்பு.

இப்படி ஏதாவது ஒரு மையத்தில் ஐம்பது வயது மீன்காரம்மா ஒருவர் கையை நீட்டுகிறார் என்று வையுங்கள். பட்டையைச் சுற்றுகிறார்கள். காற்று ஏறி இறங்குகிறது. 150/95 என்று எழுதிக்கொள்கிறார்கள். பக்கத்தில் வயது, எடை, மாத்திரையின் பெயர். உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள், கருவாட்டை விடச் சொல்கிறார்கள். இரண்டும் சரியான அறிவுரைகள்தான். ஆனால் அந்த 150இல் உப்பின் பங்கு எவ்வளவு, தண்டல்காரர் பங்கு எவ்வளவு, பேருந்தில் மூக்கைப் பொத்திக்கொண்டவர் பங்கு எவ்வளவு என்று பிரித்து எழுத அந்தச் சீட்டில் இடம் இல்லை.

அன்னக்கூடையைத் தலையில் ஏற்றுவதற்கு முன் மீன் விற்கும் பெண்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொள்வார்கள். அதனால் எடை குறைவதில்லை. ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவுகிறது, அவ்வளவுதான். சொல்லடிக்கும் முகச்சுளிப்புக்கும் அப்படியொரு சும்மாடு கிடையாது. நேரே உடம்பில் இறங்குகிறது. எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே நுணுக்கமாகக் கணக்கு எழுதப்பட்டிருப்பது அமெரிக்கக் கறுப்பினப் பெண்களைப் பற்றி. தூரத்துச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் இந்த நகரத்தை வாய்க்காலால் பிரித்து, கிழக்கே கடலோரத்தை வெள்ளையர் ஊர் என்றும் மேற்கே தமிழர் பகுதியைக் கறுப்பர் ஊர் என்றும் வரைபடத்தில் எழுதினார்கள். அந்தக் கணக்குப்படி நாமும் கறுப்பர்தான். அந்தக் கறுப்பருக்குள்ளும் ஒரு கோடு இருந்தது. சம்பா கோவில் என்ற தேவாலயத்துக்குள் பறையர் கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து நின்ற சுவரையும், 1745இல் அது இடிபட்டபோது எழுந்த சலசலப்பையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். அங்கே நிறம், இங்கே சாதி. இரண்டு பேரேடுகளையும் அருகருகே விரித்து, அலகு வாரியாகப் பார்ப்போம்.

கிராம் கணக்கு

முதல் பதிவு, பிறந்த குழந்தையின் எடை. அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் எடை குறைவாகப் பிறப்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அது பரம்பரை வாகு என்று சொல்லிவந்தவர்கள் உண்டு. ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரு மருத்துவர்கள் அதைச் சோதித்தார்கள். 1980 முதல் 1995 வரை இல்லினாய் மாநிலத்தில் பதிவான பிறப்புகளை எடுத்து, தாய்மாரை மூன்றாகப் பிரித்தார்கள். 1997இல் வெளியான சராசரிகள் இவை:

அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாயின் குழந்தை: 3,446 கிராம்
ஆப்பிரிக்காவில் பிறந்து குடியேறிய கறுப்பினத் தாயின் குழந்தை: 3,333 கிராம்
அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாயின் குழந்தை: 3,089 கிராம்

பரம்பரைதான் காரணம் என்றால் ஆப்பிரிக்காவிலிருந்து நேரே வந்தவரின் குழந்தைதான் எல்லாரிலும் எடை குறைந்திருக்க வேண்டும். அது வெள்ளையினக் குழந்தையைவிட 113 கிராம்தான் குறைவு. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத் தாயின் குழந்தைக்கோ 357 கிராம் குறைவு. நடுவில் உள்ள 244 கிராம், அந்த நாட்டில் கறுப்பினப் பெண்ணாக வளர்ந்ததற்கான பிடித்தம். இதே குழுவினர் பின்னர் தலைமுறை வாரியாகப் பார்த்தபோது, ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களின் வழியில் குழந்தைகளின் எடை கூடியது. ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் வழியில் குறைந்தது.

2004இல் காலின்ஸ் குழு இன்னும் நெருங்கிக் கேட்டது. சிகாகோவில் 1,500 கிராமுக்கும் குறைவான எடையில் குழந்தை பெற்ற 104 கறுப்பினத் தாய்மார், சரியான எடையில் பெற்ற 208 கறுப்பினத் தாய்மார். இரு தரப்பிடமும் ஒரே கேள்விகள்: வேலை தேடுகையில், வேலை செய்யும் இடத்தில், பள்ளியில், மருத்துவமனையில், கடையிலோ உணவகத்திலோ நிறத்துக்காக ஒதுக்கப்பட்டீர்களா? இந்த ஐந்தில் மூன்று இடங்களிலாவது ஒதுக்கப்பட்டதாகச் சொன்னவர்களுக்கு மிகக் குறைந்த எடையில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2.6 மடங்கு. தராசில் ஏறியது குழந்தை. கூடவே ஏறியது தாயின் வாழ்நாள் முழுதும் சேர்ந்த கணக்கு.

ஆண்டுக் கணக்கு

உப்புக்காற்று படும் வீட்டில் ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கும் என்று குருசுக்குப்பத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே நாளில் பிடிப்பதில்லை. ஒரு நாளும் விடுவதுமில்லை. ஆர்லைன் ஜெரோனிமஸ் என்ற பொதுச் சுகாதார ஆய்வாளர் 1992இல் முன்வைத்த கருத்து ஏறக்குறைய இதுதான். இடைவிடாத அவமதிப்பும் அதைச் சமாளிக்கும் பாடும் கறுப்பினப் பெண்களின் உடலைக் காலத்துக்கு முன்பே அரித்துவிடுகின்றன என்றார். 2006இல் அவர் குழு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு உள்ளிட்ட பத்து அளவைகளைக் கூட்டி, உடலின் தேய்மானத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டது. தேய்மானம் கூடுதலாக இருக்கும் வாய்ப்பில் முதலிடம் ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு. இரண்டாமிடம் வசதியான கறுப்பினப் பெண்களுக்கு. வசதி வந்தபின்னும் இரண்டாமிடம்தான் கிடைத்தது.

2010இல் அதே குழு 49 முதல் 55 வயதுவரையுள்ள இருநூற்றுச் சொச்சம் பெண்களின் உயிரணுக்களைப் பார்த்தது. குரோமோசோமின் நுனியில், ஷூக் கயிற்றின் முனைக்குப்பி போல ஒரு பகுதி உண்டு. டீலோமியர் என்பார்கள். வயது ஏற ஏற அது குட்டையாகும். அந்த அளவுப்படி கறுப்பினப் பெண்கள் அதே வயது வெள்ளையினப் பெண்களைவிட 7.5 ஆண்டு மூப்பு. சிறிய ஆய்வு, 7.5 என்பது ஒரு மதிப்பீடு. ஆனால் மற்ற கணக்குகளோடு திசை ஒத்துப்போகிறது. இந்த வித்தியாசத்தில் 100க்கு 27 பங்கை ஏழ்மையும் அவர்களே சொன்ன மன உளைச்சலும் விளக்கின.

இனி நம் பக்கம். ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையில் இரண்டு எண்கள் இருந்தன. இந்தியாவில் இறந்த தலித் பெண்களின் சராசரி வயது 39.5. உயர்சாதிப் பெண்களுக்கு 54.1. வித்தியாசம் 14.6 ஆண்டு. பத்திரிகைகள் இதை ஆயுட்காலம் என்று எழுதின, அது பிழை. இறந்தவர்களின் சராசரி வயது வேறு, ஆயுட்காலம் வேறு. ஒரு சமூகத்தில் குழந்தைகளும் இளையவர்களும் அதிகமாக இருந்தால் முதல் எண் தானாகவே இறங்கும். 14.6 என்பதை முழக்கமாகப் பிடித்துக்கொள்வதைவிட, கறாரான கணக்கு ஒன்றைப் பார்ப்பது நல்லது.

அந்தக் கணக்கு 2022இல் வந்தது. சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா மூவரும் 2010-11 ஆண்டுச் சுகாதார ஆய்வின் தரவுகளை எடுத்து, பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், ஒடிசா உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களுக்கு ஆயுட்காலத்தைக் கணித்தார்கள். உயர்சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினருக்கு 4 ஆண்டுக்கு மேல் குறைவு. தலித்துகளுக்கு 3 ஆண்டுக்கு மேல் குறைவு. முஸ்லிம்களுக்கு ஏறத்தாழ 1 ஆண்டு குறைவு. இந்த இடைவெளி அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையினத்தவருக்கும் இடையே உள்ளதற்கு ஒப்பானது என்று அவர்களே குறித்திருக்கிறார்கள். தமிழ்நாடும் புதுச்சேரியும் அந்த ஒன்பதில் இல்லை.

2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 12,47,953. அதில் பட்டியல் சாதியினர் 1,96,325, அதாவது 100க்கு 15.7 பேர். பாதியைப் பெண்கள் என்று கொண்டால் ஏறத்தாழ ஒரு லட்சம். வடக்கில் கண்ட அந்த 3 ஆண்டு இங்கேயும் பொருந்துமானால் பறிபோவது 3 லட்சம் பெண் ஆண்டுகள். ஒரு ஆண்டுதான் குறைகிறது என்றாலும் ஒரு லட்சம்.

கழித்த பின் மிஞ்சுவது

ஏழைகள், ஆகவே நோயாளிகள், இதில் சாதி எங்கே, நிறம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 100க்கு 57, புதுச்சேரியில் 55. பட்டியல் சாதிப் பெண்களில் 59, பழங்குடிப் பெண்களில் 65. எல்லாரும் பாதிக்கு மேல். இது பெரும்பாலும் தட்டின் கணக்கு, கீரையும் இறைச்சியும் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு. இதை அவமதிப்பின் பக்கத்தில் எழுதினால் பேரேடு பொய்யாகிவிடும்.

ஆனால் மேலே சொன்ன 3 ஆண்டு, 4 ஆண்டுகளில், குடும்பத்தின் பொருளாதார நிலையைக் கழித்தபோது மறைந்தது பாதிக்கும் குறைவு. மீதி அப்படியே நின்றது.

அமெரிக்காவில் இதே கழித்தலைக் கலிஃபோர்னியாவின் பிறப்புப் பதிவுகளை வருமானப் பதிவுகளோடு சேர்த்துச் செய்து, 2022இல் வெளியிட்டார்கள். 1 லட்சம் பிறப்புகளில் ஓராண்டு முடிவதற்குள் இறந்த குழந்தைகள்: பெரும் பணக்கார வெள்ளையினத் தாய்மாருக்கு 173, மிக ஏழை வெள்ளையினத் தாய்மாருக்கு 350, பெரும் பணக்காரக் கறுப்பினத் தாய்மாருக்கு 437. பணம் வெள்ளையினக் குழந்தையின் ஆபத்தைப் பாதியாக்கியது. கறுப்பினத் தாயை, அதே பணம் ஏழை வெள்ளையினத் தாயின் வரிசைக்குக்கூடக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

இந்தியாவில் அஷ்வினி தேஷ்பாண்டேயும் ராஜேஷ் ராமச்சந்திரனும் குழந்தைகளின் உயரத்தைப் பார்த்தார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள், உயர்சாதி இந்துக் குடும்பங்களில் 100க்கு 26, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் சராசரியாக 31, நம் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களில் 40. தீண்டாமை அதிகம் கடைப்பிடிக்கப்படும் பகுதிகளில் ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளின் உயரம் குறைந்தது. உயர்சாதிக் குழந்தைகளின் உயரத்தில் அப்படி ஒரு தொடர்பு இல்லை.

லட்சத்துக்கு இத்தனை

2021இல் அமெரிக்காவில் 1 லட்சம் பிரசவங்களுக்கு இறந்த தாய்மார்: வெள்ளையினத்தவர் 26.6, கறுப்பினத்தவர் 69.9. கோவிட் தணிந்த 2023இல் வெள்ளையினத்தவர் 14.5, கறுப்பினத்தவர் 50.3. மொத்த மரணம் குறைந்தது. இடைவெளி 2.6 மடங்கிலிருந்து ஏறத்தாழ 3.5 மடங்காக அகன்றது.

இதற்குப் பக்கத்தில் தமிழ்நாட்டை வையுங்கள். மாதிரிப் பதிவு முறையின்படி 2018-20இல் 54, 2019-21இல் 49. கணக்கெடுக்கும் முறை வேறு, ஆண்டுகளும் வேறு, ஆகவே ஒன்றுக்கொன்று அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் பாருங்கள். உலகின் பெரும் பணக்கார நாட்டில் ஒரு கறுப்பினத் தாய்க்கும், தலைக்கு வருமானம் அதில் ஒரு சிறு பங்கே உள்ள தமிழ்நாட்டில் ஒரு தாய்க்கும் எண் கிட்டத்தட்ட ஒன்று.

படிப்பு காப்பாற்றும் என்பார்கள். ஷாலன் இர்விங் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் நோய்ப் பரவல் ஆய்வாளர், முனைவர் பட்டம் பெற்றவர். சமூக ஏற்றத்தாழ்வு உடல்நலத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதே அவருடைய ஆய்வு. 2017 ஜனவரியில் குழந்தை பெற்று மூன்று வாரத்தில், உயர் ரத்த அழுத்தச் சிக்கலால் இறந்தார். வயது 36. உடம்பு சரியில்லை என்று அந்த நாட்களில் அவர் திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போயிருந்தார். அதே ஆண்டு டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ், பிரசவத்துக்கு மறுநாள் தம் நுரையீரலில் ரத்தம் உறைந்திருப்பதாகச் சந்தேகித்து ஸ்கேன் கேட்டபோது, வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று செவிலியர் நினைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஸ்கேன் எடுத்தபோது உறைகட்டிகள் இருந்தன.

பிரிட்டனில் 2019-21 கணக்கின்படி பிரசவத்தை ஒட்டி இறக்கும் ஆபத்து கறுப்பினப் பெண்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு, ஆசியப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த ஆசியப் பெண்களில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வாழும் நம் தமிழ்ப் பெண்களும் உண்டு. பிரான்சிலோ இப்படி எண்ணவே வழியில்லை. இனவாரிப் புள்ளிவிவரத்துக்கு அங்குள்ள அரசியல் சட்டக் கவுன்சில் 2007இல் தடை போட்டுவிட்டது. புதுச்சேரியிலிருந்து போய் அங்கே குடியிருக்கும் பெண்கள் எந்தக் கணக்கிலும் தனியாகத் தெரியமாட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட நமக்கும் உரிமை இல்லை. நம் மாதிரிப் பதிவு முறை வெளியிடும் தாய் மரண அறிக்கை மாநில வாரியாக உண்டு, சாதி வாரியாக இல்லை.

மில்லிமீட்டர், துடிப்பு

அவமதிப்பு எப்படி நோயாகிறது? நாய் துரத்தும்போது உடம்பு செய்வது நமக்குத் தெரியும். அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், ரத்தக்குழாய் இறுகும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். நாய் போனதும் எல்லாம் தணியும். அதற்காகவே அமைந்த ஏற்பாடு அது. நாய் போகாவிட்டால்? அடுத்த தெருவில் இன்னொன்று நிற்கும் என்று தெரிந்தே நடக்க வேண்டியிருந்தால்? 1993இல் புரூஸ் மக்ஈவனும் எலியட் ஸ்டெல்லரும் இந்தத் தேய்மானத்தை விளக்கினார்கள். தண்ணீர் ஏறி நிறைந்த பின்னும் அணைக்காமல் விட்ட மோட்டார் போல, காப்பாற்ற வந்ததே இயந்திரத்தை எரிக்கிறது.

ஒரு சின்னக் கூட்டல். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 1,03,680. எந்நேரமும் விறைப்பாக இருப்பதால் நிமிடத்துக்கு 8 துடிப்பு கூடுகிறது என்று வையுங்கள். நாளைக்கு 11,520 கூடுதல். ஆண்டுக்கு 42 லட்சத்து 4 ஆயிரத்து 800. ஓவர்டைம் கூலி இல்லாத வேலை.

ரத்த அழுத்தத்தின் விலை இன்னும் துல்லியமாகத் தெரியும். 61 ஆய்வுகளில் 10 லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து 2002இல் வந்த முடிவு இது: 40 முதல் 69 வயதுவரை, மேல் எண் 115ஐத் தாண்டி ஒவ்வொரு 20 மில்லிமீட்டர் ஏறும்போதும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் ஆபத்து இருமடங்கு. நம் மீன்காரம்மாவின் 150, 130 உள்ளவரைவிட இருமடங்கு ஆபத்து. நல்ல உடலில் இரவில் ரத்த அழுத்தம் பத்திலிருந்து இருபது விழுக்காடு இறங்கும். அதுதான் இதயத்துக்குக் கிடைக்கும் ஓய்வு. பாகுபாட்டை அதிகம் சந்தித்ததாகச் சொன்ன கறுப்பினத்தவரிடம் இந்த இரவு இறக்கம் குறைவாக இருப்பதை அமெரிக்க ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதாவது பகலில் பட்ட சொல் தூக்கத்திலும் வேலை செய்கிறது.

தடவைக் கணக்கு

அவமதிப்பை எண்ண முடியுமா? எண்ணியிருக்கிறார்கள். 2010இல் சங்கமித்ரா ஆச்சார்யா வெளியிட்ட ஆய்வில் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளின் அனுபவம் பதிவானது. அவர்களுக்கு மருந்து கொடுக்கப்பட்டது 1,298 தடவை. அதில் கைபடாமல் போடுவது போன்ற பாகுபாட்டோடு கொடுக்கப்பட்டது 1,181 தடவை. 100க்கு 91. மற்றக் குழந்தைக்குக் கொடுப்பது போலக் கொடுத்தது 117 தடவை. மருந்தைக் கையில் வைக்காமல் போடும் இடத்துக்கு ஒரு தாய் அடுத்த முறை எத்தனை நாள் தள்ளிப் போவார்? அந்தத் தாமதமும் நோயின் கணக்கில்தான் ஏறும்.

2011-12இல் 42 ஆயிரம் குடும்பங்களிடம் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், தங்கள் வீட்டில் தீண்டாமை கடைப்பிடிப்பதாகத் தாங்களே ஒப்புக்கொண்டவர்கள் 100க்கு 27. ஒப்புக்கொள்ளாதவர்கள் இதில் சேர்த்தி இல்லை.

2003இல் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசத்தில் 6, 7ஆம் வகுப்புச் சிறுவர்களுக்குத் தாளில் புதிர்வழிகளைக் கொடுத்து விடுவிக்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் சமம். எல்லார் முன்னும் பெயரோடு சாதியையும் வாசித்தபிறகு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் விடுவித்த புதிர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. வாசித்தார்கள், அவ்வளவே.

குருசுக்குப்பத்து மீனவர் சமூகம் பட்டியல் சாதி அன்று. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் வாசனையை வைத்து ஆளை அளக்கும் வழக்கம் அவர்களையும் விடவில்லை. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய முதிய பெண் ஒருவரை நாற்றம் அடிக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட காட்சி தமிழ்நாடெங்கும் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார். ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்று அறிவித்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. பயணச்சீட்டின் விலை பூஜ்யம். பயணத்தின் விலை வேறாக இருந்தது. அது படம்பிடிக்கப்பட்ட ஒரு தடவை. மற்றத் தடவைகளை யார் எழுதினார்கள்?

ரூபாய்க் கணக்கு

மீன் ஏலம் எடுக்கக் காலையில் கையில் காசு வேண்டும். வழக்கமான தண்டல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க் கடன். முன்பிடித்தம் போகக் கையில் வருவது 8,500. நாளைக்கு 100 வீதம் 100 நாளில் 10,000 கட்ட வேண்டும். வட்டி 1,500தானே என்று தோன்றும். தினமும் முதல் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாகக் கையில் நிற்பது 4,250தான். அதற்கு 100 நாளில் 1,500 என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 129. அடமானம் வைக்க ஏதுமில்லாதவருக்கு, வங்கியில் மதிப்பில்லாதவருக்கு விதிக்கப்படும் விலை இது. மழை, புயல், மீன்பிடித் தடைக்காலம் எதிலும் தண்டல் நிற்காது. பிரஷர் மாத்திரை அரசு மையத்தில் இலவசம். ஆனால் மாதம் ஒரு காலை வரிசையில் நின்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு காலை வியாபாரம் போகிறது. அந்தப் பன்னிரண்டு நாளும் தண்டலுக்கு 100 ரூபாய் தயாராக இருந்தாக வேண்டும். எனவே மாத்திரையைப் பாதியில் விடுகிறவரை அறியாமைக்காரர் என்று சொல்லிவிட வேண்டாம். அவர் போட்டுப் பார்த்த கணக்கு அது.

நாட்டுக்கு ஆகும் செலவையும் அமெரிக்காவில் கூட்டியிருக்கிறார்கள். இனவாரி உடல்நல ஏற்றத்தாழ்வால் 2018இல் மட்டும் மருத்துவச் செலவு, இழந்த உழைப்பு, அகால மரணம் என்று அந்நாட்டுக்கு ஆன நட்டம் 45,100 கோடி டாலர். அதில் பெரும்பங்கு கறுப்பினத்தவர் தலையில் விழுந்தது.

ஐந்தொகை

பேரேட்டை மூடும் முன் நிலுவைகளை ஒரு பக்கத்தில் எழுதுவோம்.

குழந்தையின் எடையில் பிடித்தம்: 244 கிராம்
உயிரணுவின் மூப்பு: 7.5 ஆண்டு
தலித் ஆயுளில் குறைவு, ஒன்பது மாநிலங்களில்: 3 ஆண்டுக்கு மேல்
அதில் பொருளாதாரம் விளக்குவது: பாதிக்கும் குறைவு
பாகுபாட்டோடு கொடுத்த மருந்து: 1,298இல் 1,181
தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இதே கணக்கை எழுத, சாதி வாரியாக வெளியாகும் தாய் மரண எண்: இல்லை

கடைசி வரிதான் நம் பொறுப்பு. தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 100க்கு 99ஐத் தாண்டிவிட்டது. வாசல் வரை கொண்டுவந்து சேர்த்தாயிற்று. உள்ளே வந்தவரை எப்படிக் கூப்பிட்டார்கள், கையில் வைத்தார்களா, போட்டார்களா, வலி என்றபோது நம்பினார்களா என்பதை அளக்காமல் அடுத்த பங்கைக் குறைக்க முடியாது. அமெரிக்காவில் இந்த எண்கள் வந்ததற்குக் காரணம், அங்கே பிறப்புச் சான்றிலும் இறப்புச் சான்றிலும் இனம் எழுதப்படுவதுதான். எழுதியதால் பாகுபாடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் இல்லை என்று யாரும் சாதிக்க முடியவில்லை.

மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரல் 30 அன்று, வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் சேர்க்க முடிவெடுத்தது. நாட்டின் பெரும்பகுதிக்கு அதன் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. பகுக்க வேண்டிய கீழ் எண் அப்போது கைக்கு வந்துவிடும். மேல் எண், அதாவது யார் எந்த வயதில் எதனால் இறந்தார்கள் என்பது, சுகாதாரத் துறையின் கையில் இருக்கிறது. தாய் மரணத் தணிக்கையிலும் ரத்த அழுத்தப் பதிவேட்டிலும் இரண்டு பத்திகளைச் சேர்க்கட்டும்: ஒன்று, சமூகம். இன்னொன்று, கடந்த ஓராண்டில் எங்கெல்லாம் ஒதுக்கப்பட்டீர்கள் என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதில். பெயரை மறைத்து, எண்ணை மட்டும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். ஜிப்மர் போன்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமே குடியிருப்புக்குள் இருக்கும் குருசுக்குப்பம் இதைத் தொடங்க ஏற்ற இடம்.